இரண வைத்தியம் தந்த டாக்டர் கிறீன்

பழனிமலைத் தொடரின் உச்சியில் கோடைக்கானல் என்னும் ஊர் தோன்றியதற்கு வெயிலும் வாந்திபேதியுமே காரணம். மதுரைச் சீமையில் பணியாற்ற வந்த அமெரிக்க மிஷன் குருமாரும் அவர்தம் குடும்பத்தாரும் ஒருவர்பின் ஒருவராக நோய்க்கு இரையாகவே, எஞ்சியவர்கள் குளிர்ந்த இடம் தேடி மலையேறி, 1845-ஆம் ஆண்டில் அங்கே முதல் இரண்டு வீடுகளைக் கட்டினர். அந்த மதுரை மிஷனோ, யாழ்ப்பாணத்து அமெரிக்க மிஷனிலிருந்து 1834-இல் கடல் கடந்து வந்த கிளையாகும். கோடைக்கானலில் வீடுகள் எழுந்த இரண்டாம் ஆண்டில், தாய்வீடாகிய யாழ்ப்பாணத்தில் ஒரு மருத்துவர் வந்திறங்கினார். அப்போது அவருக்கு வயது இருபத்தைந்து. பெயர் சாமுவேல் பிஸ்க் கிறீன். மேலைநாட்டு அறுவை மருத்துவத்தைத் தமிழில் கற்பிக்கலாம் என்று வாதாடியவர்கள் பின்னாளில் பலர் உண்டு. அவ்வாறு கற்பித்தும், அதற்குரிய நூலை அச்சேற்றியும் காட்டியவர் கிறீன்.

அவர் 1822-ஆம் ஆண்டு அக்டோபர் 10-ஆம் நாள் அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் மாநிலத்து வூஸ்டர் நகரில், கிறீன் குன்று என வழங்கிய குடும்பப் பண்ணையில் பிறந்தார். தந்தை வழக்கறிஞர். பிள்ளைகள் நிறைந்த குடும்பம். சாமுவேலுக்கு இரண்டு ஆண்டு மூத்தவரான ஆண்ட்ரூ ஹாஸ்வெல் கிறீன் பிற்காலத்தில் நியூயார்க்கு நகரின் நடுப்பூங்காவை உருவாக்கியவர்களுள் ஒருவராகவும், சிதறிக் கிடந்த ஊர்களை இணைத்து 1898-இல் பெருநகர் நியூயார்க்கை அமைத்தவராகவும் புகழ்பெற்றார். உடன்பிறந்த இருவருள் ஒருவர் உலகின் பெருநகர்களுள் ஒன்றை உருவாக்கினார். மற்றவர் பனைமரங்கள் நிறைந்த ஒரு தீபகற்பத்துச் சிற்றூரில் தம் பணிக்காலத்தின் பெரும்பகுதியைக் கழித்தார். அமெரிக்கர்கள் முன்னவரை நினைவிற் கொண்டுள்ளனர். பின்னவரை நினைக்கும் கடமை தமிழருடையது.

கிறீன் நியூயார்க்கு மருத்துவ, அறுவை மருத்துவக் கல்லூரியில் பயின்று 1845-இல் பட்டம் பெற்றார். ஆண்டைக் குறித்துக் கொள்ளவேண்டும். நோயாளியை உணர்விழக்கச் செய்யும் ஈதர் ஆவியின் பயன் பாஸ்டன் நகரில் உலகறிய மெய்ப்பிக்கப்பட்டது 1846 அக்டோபரில். குளோரோபாம் வந்தது 1847 நவம்பரில். ஆகவே கிறீன் பயின்ற அறுவை மருத்துவம், நோயாளியை நால்வர் பிடித்துக்கொள்ள, அறுப்பவர் தம் கைவிரைவு ஒன்றையே நம்பிச் செய்த மருத்துவம். அவர் யாழ்ப்பாணம் சேர்ந்த காலத்தில் அக்கலையே தலைகீழாக மாறிக்கொண்டிருந்தது. வாழ்நாள் முழுவதும் அம்மாற்றத்தைத் தூரத்திலிருந்து நூல்கள் வாயிலாகப் பின்தொடர்ந்து, தமிழுக்கு மாற்றும் பணி அவருடையதாயிற்று.

யாழ்ப்பாணத்தில் அவருக்கு முன்னோர் இருந்தனர். 1820-இல் பண்டத்தரிப்பில் மருத்துவப் பணி தொடங்கிய ஜான் ஸ்கடர் 1836-இல் சென்னைக்கு மாறிச் சென்றார். வேலூர் மருத்துவக் கல்லூரியை நிறுவிய ஐடா ஸ்கடர் அம்மையார் அவருடைய பேத்தி. அவ்வம்மையார் 1960 மே மாதம் காலமானது கோடைக்கானலில்தான். ஸ்கடருக்குப் பின் நாதன் வார்டு இருந்தார். அவ்விடத்துக்கு 1847 அக்டோபரில் கிறீன் வந்தார். முதலில் வட்டுக்கோட்டையிலும், அடுத்த ஆண்டு முதல் மானிப்பாயிலும் அவர் மருந்தகம் நடந்தது. வந்த சில ஆண்டுகளுக்குள்ளேயே குடாநாட்டில் வாந்திபேதி கொள்ளைநோயாகப் பரவியது. அக்காலத்தில் அந்நோய்க்கு உலகில் எங்குமே உறுதியான மருந்து இல்லை. மருத்துவர் செய்யக்கூடியது சிறிதளவே. அச்சிறிதளவையும் ஒருவரே ஊர்தோறும் சென்று செய்ய இயலாது. தாம் ஒருவர் ஆயிரம் பேருக்கு மருந்து கொடுப்பதைவிட, மருந்து கொடுக்கத் தெரிந்த உள்ளூர் இளைஞரை உருவாக்குவதே வழி என்று அவர் துணிந்தார்.

1848-இல் சில மாணவர்களைச் சேர்த்துக்கொண்டு அவர் தொடங்கிய வகுப்பே இலங்கையின் முதல் மேலைநாட்டு மருத்துவப் பள்ளி. கொழும்பில் அரசு மருத்துவப் பள்ளி 1870-இல்தான் திறக்கப்பட்டது. தொடக்கத்தில் பாடம் ஆங்கிலத்தில் நடந்தது. வட்டுக்கோட்டை செமினறி என்னும் உயர்கல்விக் கூடம் 1823 முதல் ஆங்கிலம் அறிந்த இளைஞர்களை உருவாக்கி வந்ததால் அதற்கு இடர்ப்பாடு இருக்கவில்லை. பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்த சி. வை. தாமோதரம்பிள்ளை அங்குப் பயின்றவரே.

சில ஆண்டுகளில் ஓர் உண்மை புலப்பட்டது. ஆங்கிலத்தில் மருத்துவம் பயின்றவர்கள் ஊரில் தங்கவில்லை. அரசு உத்தியோகமும், மலைநாட்டுக் காப்பித் தோட்டங்களின் சம்பளமும் அவர்களை இழுத்துக்கொண்டன. மானிப்பாய்க்கும் சங்கானைக்கும் மருத்துவர் வேண்டும் என்று பயிற்றுவித்தால், பயின்றவர் கண்டிக்கும் கொழும்புக்கும் சென்றனர். மொழி ஒரு கதவைத் திறக்கும்போது மற்றொன்றை அடைத்துவிடுகிறது என்பதைக் கிறீன் கண்டுகொண்டார். ஆங்கிலம் அறியாத இளைஞனுக்குத் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தால் அவன் தன் ஊரிலேயே இருப்பான். தன் மக்களுக்கு அவர்கள் மொழியிலேயே நோயை விளக்குவான். இது மொழிப்பற்றிலிருந்து பிறந்த முடிவன்று, கணக்குப் பார்த்து எடுத்த முடிவு. அதனாலேயே அது வலிமையுடையது.

அவர் சமயம் பரப்ப வந்தவர் என்பதை மறைக்கத் தேவையில்லை. நோயாளியின் உடலைப் போலவே அவன் ஆன்மாவும் தம் பொறுப்பு என்று அவர் நம்பினார். ஆனால் கிறித்தவரான தமிழர் கால்சட்டையும் மேலங்கியும் பூண்டு பாதி ஐரோப்பியர் ஆவதை அவர் விரும்பவில்லை. உடையிலும் உணவிலும் வீட்டு வழக்கிலும் தமிழராகவே இருக்கவேண்டும் என்று தம் மாணவரிடம் வற்புறுத்தினார். அவர் பிறந்த அதே 1822-இல், டிசம்பர் மாதம், நல்லூரில் பிறந்தவர் ஆறுமுக நாவலர். ஒருவர் மிஷன் பணியாளர். மற்றவர் மிஷனுக்கு எதிராகச் சைவத்தின் அரணாக நின்றவர். குடாநாட்டில் சில கல் தொலைவுக்குள் வாழ்ந்த இவ்விருவரும் எதிரெதிர்த் திசையிலிருந்து ஒரே கருவியைத் தீட்டிக்கொண்டிருந்தனர். அக்கருவி தமிழ் உரைநடை. நாவலர் அதனைச் சமயத்துக்கும் இலக்கணத்துக்கும் பழக்கினார். கிறீன் அதனைக் கல்லீரலுக்கும் எலும்புக்கும் பழக்கினார். நம் உரைநடை வரலாறுகளில் முன்னவர்க்கு உரிய இடம் தரப்பட்டுள்ளது. பின்னவர்க்கு ஒரு பத்தியேனும் கிடைப்பது அரிது.

மொழிபெயர்ப்புப் பணி 1850-களில் தொடங்கியது. கட்டரின் உடற்கூற்று நூல் 'அங்காதிபாத சுகரணவாத உற்பாலன நூல்' என்னும் நீண்ட பெயரில் தமிழாயிற்று. மான்செலின் மகப்பேற்று நூல் 1857-இல் 'பிரசவ வைத்தியம்' என வந்தது. பத்தாண்டு உழைப்பில் தளர்ந்திருந்த கிறீன் 1858-இல் ஓய்வுக்காகத் தாய்நாடு சென்றார். அங்கே உள்நாட்டுப் போர் மூண்டது. 1862-இல் மார்கரெட் வில்லியம்ஸ் அம்மையாரை மணந்து, அவ்வாண்டே மனைவியுடன் யாழ்ப்பாணம் திரும்பினார். 1864 முதல் வகுப்பு முழுவதும் தமிழுக்கு மாறியது. அதன் பின்னரே பெருநூல்கள் வரிசையாக எழுந்தன: 1867-இல் 'இரண வைத்தியம்', 1872-இல் கிரேயின் புகழ்பெற்ற உடற்கூற்று நூல் 'மனுஷ அங்காதிபாதம்' என்றும், ஹூப்பரின் மருத்துவக் கைநூல் 'வைத்தியாகரம்' என்றும், 1875-இல் வெல்ஸின் வேதியியல் 'கெமிஸ்தம்' என்றும், 1883-இல் டால்டனின் உடலியங்கு நூல் 'மனுஷ சுகரணம்' என்றும், 1884-இல் இந்திய மருந்துப் பொருள்கள் பற்றிய வேரிங்கின் நூல் 'இந்து பதார்த்த சாரம்' என்றும் வெளிவந்தன. கிரேயின் மூலநூல் ஆங்கிலத்திலேயே 1858-இல்தான் பிறந்தது. பதினான்கு ஆண்டுகளில் அது தமிழுக்கு வந்துவிட்டது. இவையெல்லாம் சேர்ந்து நாலாயிரம் பக்கங்களுக்கு மேற்பட்டவை.

இவற்றைக் கிறீன் தனியே செய்யவில்லை. டான்போர்த், சாப்மன் என்னும் பெயர்கள் இந்நூல்களில் வருவதைக் கண்டு அவர்களை வெள்ளையர் என எண்ணுவோர் உண்டு. அவர்கள் யாழ்ப்பாணத் தமிழர்கள், கிறீனின் மாணவர்கள். மிஷன் விடுதிப் பள்ளியில் ஒரு பிள்ளையின் படிப்புச் செலவை ஏற்ற அமெரிக்கப் புரவலரின் பெயரை அப்பிள்ளைக்கே இட்டுவிடும் வழக்கம் அந்நாளில் இருந்தது. தம் பெயரை இழந்த அம்மாணவர்கள் எலும்புக்கும் நரம்புக்கும் தமிழ்ப்பெயர் தேடினார்கள் என்பது வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று. அவர்கள் மொழிபெயர்க்க, கிறீன் மூலத்தோடு ஒப்பிட்டுச் சொல்சொல்லாகத் திருத்துவது வழக்கம். 'இரண வைத்தியம்' அவரே தம் கையால் ஆக்கியது.

சொற்களை எங்கிருந்து எடுப்பது? முதலில் தமிழில் தேடவேண்டும். அங்கு இல்லையேல் வடமொழியில். அங்கும் இல்லையேல் ஆங்கிலச் சொல்லையே தமிழ் ஒலிக்கேற்ப மாற்றிக்கொள்ளவேண்டும் என்பது அவர் வகுத்த முறை. கெமிஸ்தம் என்னும் சொல் மூன்றாம் வழியில் பிறந்தது. வடிவில் அது தமிழ்ச்சொல் போலவே அம் ஈறு பெற்று நிற்பதைக் காணலாம். அங்காதிபாதமும் சுகரணமும் இரண்டாம் வழியின. இன்று உடற்கூற்றியல், உடலியங்கியல், வேதியியல் என்கிறோம். அவருடைய சொற்களுள் பெரும்பாலானவை வழக்கொழிந்தன. அவர் நடை வடசொல் மிகுந்தது என்று குறை கூறுவது எளிது. அக்காலத் தமிழ் வைத்திய நூல்களே அந்நடையில் இருந்தன; உள்ளூர் வைத்தியருக்குப் பழகிய சொல்லையே அவர் தேர்ந்தார். பிறருக்கும் பயன்படும் வகையில் கலைச்சொற்களைத் தனித் தொகுதிகளாகவும் அச்சிட்டார். சென்னையில் 1862-இல் வெளிவந்த வின்சுலோவின் தமிழ் அகராதி அக்காலத்து மொழிபெயர்ப்பாளர் அனைவருக்கும் துணையாயிற்று. அவ்வகராதிக்கு உழைத்த மிரன் வின்சுலோவும் யாழ்ப்பாண மிஷனில் இருந்தவரே.

சொல் தேடுவது புலவர் விளையாட்டன்று, உயிர் காக்கும் வேலை என்பதைக் குடலிறக்கம் ஒன்றைக்கொண்டே விளக்கலாம். விரைப்பையில் தோன்றும் வீக்கம் எதுவாயினும் ஓதம் என்றும் அண்டவாதம் என்றும் சொல்லிவிடுவது மக்கள் வழக்கு. ஆனால் அவ்வீக்கத்துள் இருப்பது நீராகவும் இருக்கலாம். அடிவயிற்றுச் சுவரின் இடுக்கு வழியே இறங்கிய குடலாகவும் இருக்கலாம். நீர்வீக்கத்தை ஊசியால் குத்தி வடித்துவிட முடியும். அதே ஊசியைக் குடலிறக்கத்தில் குத்தினால் மலம் கசிந்து நோயாளி இறப்பான். இரண்டையும் ஒரே பெயரால் அழைக்கும் மாணவன் கையில் ஊசியைக் கொடுக்க முடியாது. வெவ்வேறு பெயர் வேண்டும். பெயருக்கு ஓர் இலக்கணம் வேண்டும். இருமும்போது வீக்கம் அதிர்கிறதா, படுத்தால் உள்ளே போகிறதா என்று தேர்ந்தறியும் முறையும் தமிழில் எழுதப்படவேண்டும். இதுவே கிறீன் மேற்கொண்ட பணியின் உட்பொருள்.

'இரண வைத்தியம்' ராபர்ட் துரூயிட் என்னும் ஆங்கிலேயரின் அறுவை மருத்துவக் கைநூலைத் தழுவியது. 1839-இல் முதன்முதல் வெளிவந்து பல பதிப்புகள் கண்ட அந்நூல், நாட்டுப்புற மருத்துவரும் படைமருத்துவரும் பையில் வைத்திருந்த நூல். அதில் குடலிறக்கத்துக்குத் தனிப் பகுதி உண்டு. அக்காலத்து மருத்துவர் அந்நோய்க்குச் செய்யக்கூடியவை மூன்றே. இறங்கிய குடலை விரலால் மெல்லப் பிடித்து உள்ளே தள்ளுவது முதலாவது. தள்ளியபின் மீண்டும் இறங்காதபடி எஃகு வில்லும் மெத்தையும் வைத்த இடுப்புப் பட்டையை நாள்தோறும் இறுகக் கட்டிக்கொள்வது இரண்டாவது. குடல் இடுக்கில் சிக்கி நெரிபட்டு, இரத்த ஓட்டம் நின்று, வாந்தியும் வயிற்று வீக்கமும் கண்டுவிட்டால், நெரிக்கும் வளையத்தை அறுத்துக் குடலை விடுவிப்பது மூன்றாவது. அதுவும் சில மணி நேரத்துக்குள் செய்யப்படவேண்டும். காலம் தாழ்ந்தால் குடல் அழுகிவிடும். நெரிபட்டவன் பிழைத்தாலும் இடுக்கு திறந்தே இருக்கும். குடல் மறுபடி இறங்கும். நோயை வேரோடு தீர்க்கும் அறுவை அன்று உலகில் எங்கும் இல்லை.

சில மணி நேரம் என்னும் இவ்வளவு எத்துணைக் கொடியது என்பதை மலையூர்களில் வாழ்பவர்க்கு விளக்கவேண்டியதில்லை. தாண்டிக்குடி போன்ற ஊர்களில் காப்பி மூட்டையும் வாழைத்தாரும் மனிதர் முதுகிலும் குதிரை முதுகிலும் ஏறி இறங்கிய காலத்தில், சுமை தூக்கும் ஆளுக்குக் குடல் இறங்கி நெரிபட்டால், பெரும்பாறை வழியாக அடிவாரம் சேர்ந்து வத்தலக்குண்டு போவதற்குள் அந்நேரம் கடந்துவிடும். டோலி கட்டிச் சுமந்து திண்டுக்கல் சேர்ந்தால், பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அங்கு மதுரை மிஷனைச் சார்ந்த டாக்டர் எட்வர்டு செஸ்டர் இருந்தார். சேராதவர்க்கு ஒருவரும் இல்லை. கிறீன் கனவு கண்ட ஊர் மருத்துவன், ஆங்கிலம் அறியாதவனாயினும் விரலால் குடலைத் தள்ளத் தெரிந்தவன், தேவைப்பட்டது இத்தகைய இடங்களுக்கே.

தமிழில் அறுவை நூல் வெளிவந்த 1867-ஆம் ஆண்டு அறுவை மருத்துவ வரலாற்றில் வேறு இரு நிகழ்ச்சிகளாலும் குறிக்கத்தக்கது. அவ்வாண்டில்தான் ஜோசப் லிஸ்டர், கார்பாலிக் அமிலத்தால் புண் சீழ்பிடிக்காமல் காக்கலாம் என்னும் தம் ஆய்வை லண்டன் மருத்துவ இதழில் வெளியிட்டார். துரூயிட்டின் நூல் அதற்கு முற்பட்டது. ஆகவே தமிழ் நூலும் லிஸ்டருக்கு முற்பட்ட அறிவையே சுமந்து வந்தது. அவ்வாண்டு அக்டோபர் 23-ஆம் நாள், உரோமை நகருக்கு வெளியே வில்லா குளோரி என்னும் இடத்தில், இத்தாலி ஒன்றுபட வேண்டிப் போரிட்ட கரிபால்டியின் தொண்டர் படையினருள் எடோவார்டோ பாசினி என்னும் இருபத்துமூன்று வயது இளைஞர் வலது கவட்டில் துப்பாக்கி ஈட்டி பாய்ந்து வீழ்ந்தார். அவர் மருத்துவப் பட்டம் பெற்ற மறு ஆண்டு அது. குடல் துளைபட்டுக் கவட்டின் வழியே மலம் வடிந்தது. சிறைப்பட்டு, மாதக்கணக்கில் கிடந்து பிழைத்தார். கிறீனின் நூல் முடித்துவைக்காத குடலிறக்க அதிகாரத்தை முடித்துவைக்கப் போகிறவர் இவரே.

கிறீனின் உடல்நலம் 1873-இல் முற்றும் தளர்ந்தது. அவர் யாழ்ப்பாணத்தை விட்டு வூஸ்டருக்குத் திரும்பினார். அதுவரை அவரிடம் பயின்று வெளியேறிய மருத்துவர் அறுபதுக்குக் குறையாதவர். அவருள் ஏறத்தாழப் பாதிப்பேர் தமிழிலேயே பயின்றவர்கள். ஊர் திரும்பியும் அவர் வேலையை விடவில்லை. கிறீன் குன்றின் வீட்டில், பனி மூடிய சாளரத்தருகே, யாழ்ப்பாணத்திலிருந்து கப்பலில் வந்த தமிழ்ப் படிகளைத் திருத்திக்கொண்டிருந்தார். சுற்றிலும் தமிழ் அறிந்தவர் எவருமில்லாத ஊரில், பத்தாண்டுக் காலம், உயிரணுவையும் சுரப்பியையும் தமிழில் எவ்வாறு சொல்வதென்று ஒரு மனிதர் எண்ணிக்கொண்டிருந்தார். 'மனுஷ சுகரணமும்' 'இந்து பதார்த்த சாரமும்' அவ்வாறு முடிந்த நூல்கள். கடைசி நூல் வெளிவந்த 1884-ஆம் ஆண்டிலேயே, மே 28-ஆம் நாள், தம் அறுபத்திரண்டாம் வயதில் அவர் காலமானார். வூஸ்டரின் கிராமக் கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டார். அவர் தமிழருக்கு ஊழியம் செய்த மருத்துவர் என்பதைக் கல்லறைக் கல் குறிக்கிறது.

அவ்வாண்டு டிசம்பர் 24-ஆம் நாள், கிறிஸ்துமசுக்கு முந்திய நாளில், இத்தாலியின் பாதுவா நகரில் பாசினி குடலிறக்கத்துக்குப் புதிய அறுவை ஒன்றைச் செய்தார். கிறீன் மறைந்து ஏழு திங்கள்கூட நிறையவில்லை. கவட்டுச் சுவர் அடுக்கடுக்கான தசையாலும் சவ்வாலும் ஆனது. விரைநாளம் அதனூடே சரிந்து செல்லும் வழியே குடல் நுழையும் வழி. துளையை வெளியிலிருந்து சுருக்குவதால் பயனில்லை, அவ்வழியின் பின்சுவரையே புதிதாக எழுப்பவேண்டும் என்று பாசினி கண்டார். உட்தசைகளையும் அவற்றின் உட்சவ்வையும் சேர்த்துக் கவட்டின் உறுதியான நாரோடு பட்டு நூலால் தைத்தார். லிஸ்டரை நேரில் கண்டு பயின்றவர் ஆதலால் புண் சீழ்பிடிக்கவில்லை. 1887-இல் அறிவித்து, 1889-இல் நூலாக்கி, அடுத்த ஆண்டில் 262 அறுவைகளின் விவரத்தை அவர் வெளியிட்டபோது, குடல் மீண்டும் இறங்கியவை பத்துக்கும் குறைவு. அதற்குமுன் எவர்க்கும் கிட்டாத பயன் இது. இடுப்புப் பட்டையின் காலம் அன்றோடு முடியத் தொடங்கியது.

கிறீன் இன்னும் பத்தாண்டு வாழ்ந்திருப்பாராயின், அல்லது அவர் இடத்தில் மற்றொருவர் அமர்ந்திருப்பாராயின், 'இரண வைத்தியத்தில்' லிஸ்டரும் பாசினியும் இடம்பெற்றிருப்பார்கள். அவ்வாறு நிகழவில்லை. கொழும்பு மருத்துவப் பள்ளி ஆங்கிலத்தில் வளர்ந்தது. அரசின் சான்றும் சம்பளமும் அங்கிருந்தே கிடைத்தன. தமிழ் வகுப்பு தானாக ஒடுங்கியது. சென்னையிலோ 1835 முதல் நடந்துவந்த மருத்துவக் கல்லூரியில் தமிழுக்கு இடமே இருந்ததில்லை. தமிழில் அறுவை மருத்துவம் சொல்ல இயலாது என்பது பின்னாளில் வேரூன்றிய கருத்து. இயலும் என்பது 1867-இலேயே அச்சில் வந்துவிட்டது. திருத்திப் புதுக்குவார் இல்லாமையே நேர்ந்த குறை. அறிவியல் நூல் காப்பியம் போன்றதன்று. பத்தாண்டுக்கு ஒருமுறை புதுக்கப்படாவிட்டால் அது நோயாளிக்கு ஆகாத நூலாகி, நூலகத்துக்கு மட்டும் உரியதாகிவிடும். கிறீனின் நூல்களுக்கு நேர்ந்தது அதுவே.

பாசினிக்குப் பின் ஆங்கிலம் அறிந்தவர்கள் படித்த அதிகாரங்கள் பல. அவர் முறையைப் பிறர் பாதியாகக் குறைத்துச் செய்ததால் குடல் மீண்டும் இறங்கிய கதை ஒன்று. 1945-இல் கனடாவின் டொராண்டோ நகரில் மருத்துவமனை நிறுவிய ஷோல்டைஸ், பின்சுவரை அடுக்கடுக்காக மடித்துத் தைத்து அக்குறையை நீக்கினார். 1958-இல் அமெரிக்கரான பிரான்சிஸ் உஷர் செயற்கை இழை வலையைப் பயன்படுத்தினார். 1980-களில் லிக்டன்ஸ்டைன், தசையை இழுத்துத் தைக்காமல் வலையை வைத்துத் தைக்கும் முறையைப் பரப்பினார். அதனை உணர்விழக்கச் செய்யாமல், அவ்விடத்தை மட்டும் மரக்கச் செய்தே முடிக்கலாம். 1990-களில் வயிற்றில் சிறுதுளையிட்டுக் குழாய்க் கருவியால் செய்யும் முறை பரவியது. இப்போது இயந்திரக் கையும் வந்துவிட்டது. உலகில் ஆண்டொன்றுக்கு இரண்டு கோடிக்கு மேற்பட்ட கவட்டுக் குடலிறக்க அறுவைகள் நிகழ்வதாகக் கணக்கிட்டுள்ளனர்.

இயந்திரக் கை பெருநகர் மருத்துவமனைகளுக்கு உரியது. தாண்டிக்குடிக்கு உரிய செய்தி வேறு. வணிகர் விற்கும் வலையின் விலை ஏழைக்கு எட்டாதது என்று கண்டு, மகாராட்டிரத்துத் தொண்டாய்ச்சா என்னும் சிற்றூரில் ரவீந்திரநாத் தோங்காவ்கர் என்னும் அறுவை மருத்துவர் கொசுவலைத் துணியையே தூய்மை செய்து பயன்படுத்தினார். அவ்வகைத் துணியை உகாண்டாவில் 302 ஆடவரிடம் சோதித்து, வணிக வலைக்கு அது குறைந்ததன்று என்று 2016-இல் வெளியிட்டனர். புணேயைச் சேர்ந்த மோகன் தேசர்தா 2001-இல், வலையே வேண்டாமல் நோயாளியின் தசைப்பட்டையைக் கொண்டே சுவர் எழுப்பும் முறையை வெளியிட்டார். வட்டார மருத்துவமனையில் ஒரு மணி நேரத்தில் முடித்து மாலையில் வீட்டுக்கு அனுப்பத்தக்க வேலையாக அந்நோய் இன்று எளிமை பெற்றுவிட்டது. ஆயினும் வெட்கத்தால் மறைத்து, நெரிபட்ட பின்னரே மலையிறங்கி வருவோர் இருக்கிறார்கள். அவர்களுக்கு வேண்டியது புதிய கருவியன்று. வீக்கம் இன்னதென்று அவர்கள் மொழியில் சொல்லும் நூலும் ஆளும் ஆகும்.

தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் அறிவியல் களஞ்சியத் தொகுதிகளை வெளியிட்டது. தமிழ்நாட்டுப் பாடநூல் கழகம் 2020-களில் மருத்துவப் பாடநூல்களைத் தமிழாக்கும் பணியை மேற்கொண்டது. ஈழத்துக் கவிஞர் அம்பி 1967-இல் எழுதிய 'கிறீனின் அடிச்சுவடு' என்னும் நூலே அவரைத் தமிழருக்கு மீட்டுத் தந்தது. அமெரிக்காவில் எபனேசர் கட்லர் 1891-இல் அவருடைய வரலாற்றையும் கடிதங்களையும் தொகுத்திருந்தார். கிறீன் குன்று 1905-இல் வூஸ்டர் நகர மக்களுக்குப் பூங்காவாக வழங்கப்பட்டது. மானிப்பாயில் அவர் மருந்தகம் நடத்திய இடத்து மருத்துவமனை, போர்க்காலங்களையும் கடந்து, இன்றும் கிறீன் பெயரையே தாங்கி நிற்கிறது.